முன்னே போன பை

ஜூலை 6, ஞாயிறு

டிக்கெட் வந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, திருகோணமலை போய், திரும்பவும் சென்னை. அடுத்த திங்கட்கிழமை கிளம்பினால் வியாழக்கிழமை, ஆடி பிறக்கும் அன்று, வீட்டில் இருப்பேன். ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கென்று வந்ததைப் பார்த்ததும் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் தேடினேன். இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிழை இருந்திருந்தால் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

இரண்டு அறைகள். ஒன்று எனக்கு, ஒன்று தணிகாசலம் சாருக்கு. இந்த டயரியை யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் இதை எழுதி வைப்பது நல்லது.

தணிகாசலம் சார் எனக்கு நண்பர். போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் பழக்கம். புரை எடுத்துக்கொள்ள வந்த கூட்டத்தில், வாசல் திறப்பதற்கு முன்பே வந்து நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் அவருக்கு வலது கண்ணில் கட்டு, எனக்கு இடது கண்ணில். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஜோடி இருக்கு, பஸ் நம்பர் பாத்துடலாம்" என்றார். தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சுலோசனா தவறி ஆறு வருஷமாகிறது. நான் தனியாகி அதற்கும் மேலே. இவ்வளவுதான் விஷயம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

தினசரிக் காலண்டரில் அடுத்த திங்கட்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். சூலம் கிழக்கு. பரிகாரம் தயிர். என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் வேறு. சென்னையில் ஏறும் கப்பல் கிழக்கே போகாமல் அண்ணா சாலை வழியாகவா போகும்? எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் எதற்கு வம்பு.

ஜூலை 7, திங்கள்

முகுந்தன் புனேயிலிருந்து வழக்கம்போல் கூப்பிட்டான். "கப்பலுக்கு யார் யாரும்மா வராங்க?" என்றான். "ரிட்டயர் ஆன எங்க ஆபீஸ் லேடீஸ்தான்" என்றேன். எத்தனை பேர் என்று கேட்டான். ஆறு என்று வாயில் வந்துவிட்டது. இனி ஆறு பேருக்கும் பெயர் யோசித்து வைக்க வேண்டும். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்வது கூட இவ்வளவு வேலை வைக்கும் என்று தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

வழுக்காத செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். மருந்துக் கடையில் கப்பல் தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்டால், கடைக்காரர் மாத்திரையைத் தேடிக்கொண்டே "கப்பலுக்கா? கூட யாரும்மா வராங்க?" என்றார். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கூட யார் என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை.

சாரிடம் போனில் பேசினேன்.

"சார், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கற மாதிரி இருந்தா சிரிப்பேன்."

பரஸ்தானம் பற்றிச் சொன்னேன். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம் பையை மட்டும் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. என் மாமியார் காசிக்குப் போனபோது அப்படித்தான் செய்தார்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதாவது, உங்களுக்குப் பதிலா பை நல்ல நாள்ல போயிடும். நீங்க கெட்ட நாள்ல போனாலும் கணக்குல வராது" என்றார்.

"ஆமா."

"சூலத்தை ஏமாத்தறீங்க."

"ஏமாத்தல சார். முன்பதிவு பண்றேன்."

சிரித்தார். சிரிக்கட்டும். அவர் பகுத்தறிவுக்காரர். கல்யாணத்தையே ராகுகாலத்தில் வைத்துக்கொண்டவர். "நெருப்புப் புடிச்ச வீட்டுக்காரன், ராகுகாலம் முடிஞ்சு வண்டிய எடுங்கன்னா சொல்வான்?" என்று அவர் கேட்பது எனக்கு மனப்பாடம். அவரிடம் போய் இதைக் கேட்டேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. ஒன்பதரைக்கு மேல என் பொண்ணு கயல் வேலைக்குப் போயிருப்பா."

ஜூலை 9, புதன்

கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இன்று இது இரண்டாவது தடவை.

ஜூலை 11, வெள்ளி

காலையில் பையோடு ஆட்டோ பிடித்துப் பெரம்பூர் போனேன். எங்கள் வில்லிவாக்கத்துக்குப் பெரம்பூர் கிழக்கு. கிழக்கே போகிறவள் கிழக்கே இருக்கிற வீட்டில்தான் பையை வைக்க வேண்டும். எதிர் ஃப்ளாட் சாவித்திரி வீடும் கிழக்குதான். அங்கே வைத்திருந்தால் பை மட்டுமல்ல, சேதியும் தெருத் தெருவாகப் பயணம் கிளம்பியிருக்கும்.

பையில் வெறும் துணி மட்டும் இருந்தால் போதாது, போகிறவளுக்கு முக்கியமான ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்பார் மாமியார். அவர் தன் தாலிச்சங்கிலியை வைத்தார். நான் பாஸ்போர்ட்டை வைத்தேன். புடவைகளுக்கு அடியில், ஜிப் போட்ட சின்ன உறையில். பாஸ்போர்ட் இல்லாமல் கப்பலில் கால் வைக்க முடியாது. ஆனால் அவர் வீட்டில்தானே இருக்கிறது.

அந்த வீட்டுக்குள் நான் போனது இதுதான் முதல் தடவை. கூடத்தில் சுலோசனாவின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை. சிரித்த முகம். நான் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு மாதிரி தலையை அசைத்துவைத்தேன். சமையலறையில் ஒரு சின்ன மரப் பலகையில் விளக்கு, முருகன் படம், காய்ந்துபோன திருநீற்றுக் கிண்ணம். "அது அவ வச்சது. நான் எடுக்கல" என்றார் சார், நான் கேட்காமலே.

பையை எங்கே வைப்பது என்று கேட்டார். கால் படக் கூடாது, யாரும் திறக்கக் கூடாது என்றேன். உள்ளே போய் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வந்தார். பீரோவின் மேல் அதை விரித்து, சுருக்கத்தைத் தடவிவிட்டு, பையை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். "இங்க யார் காலும் எட்டாது. போதுமா?"

"இன்னொண்ணு சார். இது திரும்ப எங்க வீட்டுக்கு வரக் கூடாது. வந்தா பயணம் நின்னு போச்சுன்னு அர்த்தம். நேரா கப்பலுக்குத்தான்."

"உத்தரவு" என்றார். பிறகு கேட்டார்: "நெஜமாவே பயமா இருக்கா?"

ஆமாம் என்றேன். எதற்குப் பயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கடைசி நேரத்தில் நானே போகாமல் இருந்துவிடுவேனோ என்றுதான் பயம் என்று சொல்லியிருப்பேன். பையை அனுப்பிவிட்டால் பின்வாங்க முடியாது இல்லையா.

காபி போட்டுக் கொடுத்தார். பாயசம் மாதிரி இருந்தது. முழுக்கக் குடித்தேன்.

திங்கட்கிழமைக்கான ஏற்பாடு இதுதான். அவர் என் பையையும் எடுத்துக்கொண்டு டாக்சியில் நேராகத் துறைமுகத்துக்கு வந்துவிடுவார். பத்து மணி வாக்கில் வருவதாகச் சொன்னார். நான் ஏழரை ராகுகாலத்துக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். "பன்னெண்டுக்கு மேலதான் உள்ளயே விடுவாங்க" என்றார். தெரியும் என்றேன். தெரியாமலா இருக்கும்.

ஜூலை 12, சனி

சாயங்காலம் சார் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

கயல்விழி அவருடைய ஒரே மகள். ஸ்கேன் சென்டரில் வேலை. அதே தெருவில் புருஷன் வீட்டோடு இருக்கிறாள். அப்பா வீட்டுச் சாவி அவளிடம் ஒன்று உண்டு. ஒட்டடை அடிக்க வந்தவள் பீரோ மேல் பையைப் பார்த்துவிட்டாள்.

"யார் பைன்னு கேட்டா. தோழி ஒருத்தங்களோடது, பரஸ்தானம் வச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சிரிச்சா. நான் ஏதோ கதை விடறேன்னு நெனச்சா. கையைக் கொண்டு போனா, 'தொடாதம்மா'ன்னேன். நான் சிரிக்கலைன்னு அப்பதான் பாத்தா."

"கப்பலைப் பத்தி?"

"சொல்லிட்டேன்."

அதற்கு மேல் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. "நான் பாத்துக்கறேன் வனஜா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெரிய நெருப்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

முகுந்தன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஆறு பேரின் பெயரும் மறந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"வனஜா மேடமா? நான் கயல்விழி. தணிகாசலத்தோட பொண்ணு."

"சொல்லும்மா."

"உங்க பை எங்க வீட்ல இருக்கு. அட்ரஸ் சொல்லுங்க, நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

அவள் கோபமாகப் பேசவில்லை. கூரியர் ஆபீஸிலிருந்து பேசுகிற மாதிரி பேசினாள். பை திரும்பி வருகிறது, பயணம் நின்றது, அதுதான் என் மண்டையில் ஓடியது. யோசிக்காமல் சொன்னேன்:

"ஐயையோ வேணாம்மா! அந்தப் பை இனிமே எங்க வீட்டுக்கு வரக் கூடாது. அங்கதான் இருக்கணும்."

"அங்கதான் இருக்கணுமா?"

"ஆமாம்மா. ஒருதடவை வச்சாச்சுன்னா வச்சதுதான்."

"சரிங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போதுதான் உறைத்தது. பரஸ்தானமும் தெரியாத, சகுனமும் தெரியாத வீட்டில் வளர்ந்த பெண். அம்மா இருந்த வீட்டில் எவளோ ஒருத்தி தன் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இனி அது அங்கேதான் இருக்கும் என்கிறாள். நானாக இருந்தால் கதவை உடைத்துக்கொண்டு வந்து கேட்டிருப்பேன். உடனே திருப்பிக் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. சாரைக் கூப்பிட்டேன். அவரும் எடுக்கவில்லை.

மத்தியானம் சாரிடமிருந்து ஒரு வரி வந்தது: "நாளைக்குப் பார்ப்போம்."

இதற்கு என்ன அர்த்தம்? நாளைக்குத் துறைமுகத்தில் சந்திப்போம் என்றா? நாளைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்றா? கவுண்டரில் எத்தனையோ பேர், "மேடம், வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆயிடுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஆகாது என்று தெரிந்தால் நான் சொல்கிற பதிலும் இதுதான். பார்ப்போம். சொல்லும்போது எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

பை வராவிட்டால் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் கப்பல் இல்லை. ஆனால் கப்பல் போனால் இன்னொரு கப்பல் வரும். அவர் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூலை 14, திங்கள்

காலை, துறைமுகம்

ஒரு டம்ளர் தயிரில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு ஏழரைக்குள் வீட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க நினைத்தேன். திரும்பிப் போனால் அதுவும் சகுனத்தடை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துறைமுக வாசலில் டிக்கெட்டைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள். முனையத்துக் கதவு மட்டும் மூடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து இரும்பு பெஞ்சு. வழியனுப்ப வருகிறவர்களும் இதுவரைக்கும் வரலாம். காவலர் என் கையையும், தோளையும், எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

"லக்கேஜ் எங்கம்மா?"

"அது முன்னாடியே கிளம்பிடுச்சுப்பா" என்றேன். அவர் கப்பலைத் திரும்பிப் பார்த்தார்.

கப்பல் நாலு அபார்ட்மென்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வெள்ளையடித்த மாதிரி நிற்கிறது. பக்கத்தில் பார்க்கப் பிரியமாகவே இல்லை. கொட்டகையில் நான் ஒருத்திதான். கைப்பை, குடை, தண்ணீர் பாட்டில், இந்த டயரி.

பத்து மணி

அவர் வரவில்லை. போன் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

பத்தரை தாண்டி

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து கொட்டகையை நிறைத்துவிட்டது. அப்பாவுக்கு அறுபது முடிந்ததற்குப் பிள்ளைகள் கூட்டிப்போகிறார்களாம். பெரியவரிலிருந்து கைக்குழந்தைவரை எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பனியன், முதுகில் 'அப்பா 60'. அந்த அம்மாள் டப்பாவைத் திறந்து இட்லியை நீட்டினார்.

"சாப்பிடுங்க்கா. எப்ப வந்தீங்க?"

"காலையிலயே."

"கூட யாருங்க்கா வர்றாங்க?"

வாசலைப் பார்த்தேன். "வருவாங்க" என்றேன். அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. இன்னொரு இட்லி வைத்தார். பாதிதான் உள்ளே போயிற்று.

இப்போது எமகண்டம். பன்னிரண்டுவரைக்கும். இந்த நேரத்தில் அவர் கிளம்பி வந்தாலும் எனக்கு நிம்மதி இருக்காது. வராவிட்டாலும் இருக்காது. என்னை மாதிரி ஒரு பைத்தியத்தோடு யார்தான் பயணம் வருவார்கள்.

அதற்குப் பிறகு

முகுந்தன் கூப்பிட்டான்.

"என்னம்மா, ஏறியாச்சா? எல்லாரும் வந்துட்டாங்களா?"

"யாரும் வரல."

"என்னது?"

பாஸ்போர்ட்டே இல்லாதவளுக்கு இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "அந்த ஆறு பேரும் கெடையாது முகுந்தா. ஒருத்தர்தான். தணிகாசலம்னு பேரு. கண் ஆஸ்பத்திரில பழக்கம். ஒரு வருஷமாச்சு. அவரும் இன்னும் வரல."

அவன் ஆபீஸில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்று, யாரோ நடந்துபோய், ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"சாப்டியாம்மா?" என்றான்.

"அரை இட்லி."

"முழுசா சாப்பிடு. மாத்திரை போட்டியா?" அதற்குப் பிறகுதான் சொன்னான்: "அவர் வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு."

வந்தால் என்று சொல்லவில்லை. வந்ததும் என்றான். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஈரோட்டுக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ஆகவில்லை

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஒரு பெண் கொட்டகைக்குள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். படத்தில் பார்த்த அதே முகம், சிரிப்பு மட்டும் இல்லை. மார்போடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தது என் பை. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

நான் எழுந்து நின்றேன். அவள் பெஞ்சையும் தரையையும் பார்த்தாள்.

"இதைக் கீழ வைக்கலாமா?"

"பெஞ்சு மேல வைம்மா" என்றேன். வைத்தாள். பைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள், இந்தப் பக்கம் நான்.

"நேத்து நீங்க சொன்னது எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது" என்றாள். "அங்கதான் இருக்கணும்னீங்களே."

"பையைத்தாம்மா சொன்னேன். சத்தியமா."

"அப்பா சொன்னார். வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாதாமே." பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவும் இப்படித்தான். எங்க கிளம்பினாலும் காலண்டர். 'ஒரு பத்து நிமிஷம் நில்லுங்களேன், ராகுகாலம் முடியட்டும்'னு சொல்லுவா. அப்பா நிக்கவே மாட்டார். கொள்கைம்பார். அவர் பாட்டுக்கு முன்னால போயிடுவார். இவ செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம பின்னாடி ஓடுவா. கடைசில மூச்சு வாங்கும் அவளுக்கு. அப்பவும் ஓடினா."

தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நானும் அப்பா கட்சிதான். அம்மாவைக் கிண்டல் பண்ணுவேன். இப்ப உங்க பைக்குத் துண்டு விரிச்சு வச்சிருக்கார். தொட விடல என்னை. யார் தெரியுமா? எங்கப்பா!" அவள் குரல் உடைந்தது. ஈரோட்டு அம்மாள் பனியன் கூட்டத்தை மெதுவாக அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

"நேத்து கேட்டேன். அம்மாக்கு ஒரு நாள் கூட நிக்கலையே, இப்ப மட்டும் எப்படிப்பான்னு."

"என்ன சொன்னார்?"

"'அப்ப எனக்கு நிக்கத் தெரியலம்மா'ன்னார். அவ்வளவுதான். உக்காந்து அழுதார்."

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்: "அப்பா வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

பையின் ஜிப்பைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையை விட்டேன். உறை இருந்தது. பாஸ்போர்ட் இருந்தது. இனி நான் போகலாம், யாரும் தடுக்க முடியாது. வாழ்க்கையில் இதுவரை தனியாகக் காஞ்சிபுரம்கூடப் போகாதவள் நான்.

"போவேம்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "பை கிளம்பி மூணு நாளாச்சு. இனிமே திரும்ப முடியாது. அழுதுக்கிட்டே போவேன். ஆனா போவேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். ஸ்கேன் எடுக்கிறவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு சொன்னாள்: "வந்திருக்கார். வெளியில, பஸ் ஸ்டாப் பக்கத்துல."

"எங்க?"

"நாங்க வந்து சேரும்போது பத்தரை ஆயிடுச்சு. காலண்டர்ல பாத்துட்டுத்தான் வந்தேன். டாக்சியை வாசல்லயே நிறுத்தச் சொல்லி, 'எமகண்டம் முடியற வரைக்கும் இங்க நில்லுங்கப்பா. அம்மாக்காக, ஒரே ஒரு தடவை'ன்னேன். போனைக் காலையில கிளம்பும்போதே வாங்கி வச்சுக்கிட்டேன். வேணாம்பாருன்னுதான் நெனச்சேன். பெட்டியைக் கையில வாங்கிக்கிட்டு இறங்கி நின்னுட்டார். நானும் இவ்ளோ நேரம் எதிர்ப்பக்கம் நின்னு பாத்துட்டுத்தான் வரேன், உக்கார்றாரான்னு. உக்காரல."

கொட்டகையின் ஓரத்துக்கு ஓடினேன். வாசல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கன்டெய்னர் லாரிகள் போய்வரும் இடைவெளியில் தெரிந்தார். வெள்ளைச் சட்டை. ஒரு கை பெட்டியின் பிடியில். பஸ் ஸ்டாப்பில் நிழல் இருந்தது. அவர் அதற்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"போதும்மா கயல். வரச் சொல்லு. அவருக்கு பிரஷர் இருக்கு."

"நிக்கட்டும் ஆன்ட்டி" என்றாள். "எங்கம்மா ஓடியிருக்கா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

முனையத்துக் கதவைச் சொன்ன நேரத்துக்கு முன்பே திறந்துவிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் பனியன்கள் வரிசையில் ஓடுகின்றன. "வாங்க்கா, நீங்கதான் மொதல்ல வந்தவங்க, முன்னால நில்லுங்க" என்று அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் போங்கள், நான் வருகிறேன் என்றேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. என் வாழ்க்கையில் ஒரு வரிசையை இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

கயல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். கடைசியில், "ஆன்ட்டி, உங்க குடையைக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அவள் அங்கே போய்விட்டாள். பக்கத்தில் நின்று குடையை அவர் தலைக்கு மேல் பிடித்திருக்கிறாள். அவர் குடையைத் தான் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார், அவள் கொடுக்கமாட்டேன் என்கிறாள். பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவர்கள் நிற்கட்டும். நான்தான் சீக்கிரமே வந்துவிட்டேனே.